பெரியமேளம் நாகசுரப் பிரிவுக்குள் போனது எப்படி: தருமபுரி இணைய இசை இதழ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி நகரில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் இணைய இசை இதழ் இது. ஒருவர் கல்லூரி ஆசிரியர். காவிரி டெல்டாவில் பிறந்து, கர்நாடக இசையை முறையாகப் படித்தவர். இன்னொருவர் ஒலிப்பதிவாளர். கல்யாண மண்டபங்களில் சவுண்ட் செட் வைத்துத் தொழில் கற்றவர். மூன்றாமவர் தளத்தைப் பார்த்துக்கொள்கிறார். திரையிசை, கர்நாடக இசை, ராக், ஜாஸ், தமிழ் ஹிப்ஹாப், கானா, நாட்டார் இசை எல்லாவற்றுக்கும் இதழில் இடம் உண்டு. மாதம் இரண்டு முறை வெளியாகும்.

எந்த இசையாக இருந்தாலும் ஒரே படிவத்தை நிரப்பித்தான் பக்கம் ஏற்ற முடியும். பிரிவு, கலைஞர், இசையமைத்தவர், நேரம், ஐந்துக்கு நட்சத்திர மதிப்பெண், மூன்று நிமிட ஒலித்துண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தளம் ஏற்காது. திரைப்பட இசைத் தொகுப்புக்கும் ராக் இசைத்தட்டுக்கும் விமர்சனம் எழுதுவதற்காகச் செய்த படிவம் அது. அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தியது. கோளாறு வேறு இடத்தில் வந்தது.

ஆடி மாதத்தில் "நம் பக்கத்துத் தோல் கருவிகள்" என்று ஒரு சிறப்பிதழ் திட்டமிட்டார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல். கலைக்குழுக்களுக்கு அந்த எல்லை கிடையாது. காவேரிப்பட்டணத்துக் குழு பென்னாகரத்துத் திருவிழாவுக்கு வரும், அரூர்க் குழு ஊத்தங்கரைக்குப் போகும். ஆகவே இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே மூன்று குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: கிருஷ்ணகிரி பக்கத்து நாகசுரம்–தவில் குழு, அரூர் பக்கத்து, தோல் மேளங்களைக் கூட்டமாக அடிக்கும் எட்டுப் பேர் கொண்ட பெரியமேளக் குழு, பென்னாகரம் பக்கத்துப் பம்பை செட்.

பம்பை அறியாதவர்களுக்கு ஒரு சொல். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு உருளை மேளங்களைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு அடிப்பார்கள். உடுக்கையும் கைச்சிலம்பும் கூட வரும். பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடுவது வர்ணிப்பு. அதன் உச்சத்தில் சாமியை வரவழைக்க அடிப்பது அழைப்பு. இரண்டுக்கும் இடையில் சத்தம் பல மடங்கு ஏறும். பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இந்த ஏற்றத்தில் இருந்தே தொடங்கின.

பதிவு செய்த நாட்கள்

நாகசுரக் குழுவைக் கோயில் மண்டபத்தில், காற்று இல்லாத காலை நேரத்தில் பதிவு செய்தார்கள். அதில் குறை இல்லை. பெரியமேளக் குழுவை ஒரு ஊர்வலத்தின் நடுவே பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பதிவு செய்தார்கள். குழுவுக்குக் கொடுத்தது டீயும் பஸ் காசும் மட்டும்.

பம்பைப் பதிவு மாரியம்மன் கோயில் வாசலில், இரவில். பக்கத்தில் கோயில் மைக் செட் அலறிக்கொண்டிருந்ததால், பம்பை மட்டும் தெளிவாக விழட்டும் என்று ரெக்கார்டரை மூன்றடி தூரத்தில் நிறுத்தினார் ஒலிப்பதிவாளர். டிஜிட்டல் பதிவில் பூஜ்ஜியம் டெசிபல்தான் மேல் எல்லை. வர்ணிப்பு நடக்கும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தொடுமாறு அளவை வைத்தார். சாதாரண மேடைப் பாட்டுக்கு அது போதும். அழைப்பு தொடங்கியதும் மூன்று பம்பைகளும் ஒன்றாக இறங்கின. உச்சம் பூஜ்ஜியத்தில் போய் இடித்து நின்றது. நாற்பது நிமிடப் பதிவில் பதினொரு நிமிடத்துக்கு அலையின் தலைகள் கத்தரியால் வெட்டியதுபோலத் தட்டையாகிவிட்டன. காதில் அது பம்பையாகக் கேட்கவில்லை, தகர டின்னைத் தட்டுவதாகக் கேட்டது.

காப்புக்காக வைத்திருந்த போன் பதிவும் உதவவில்லை. போன் தானாக ஒலியைக் கூட்டிக் குறைத்ததால், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பாட்டு அமுங்கி, மெல்ல மேலே வந்து, மறுபடி அமுங்கியது. சிலம்பின் இடைவிடாத சலசலப்பை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு போனே அழித்துவிட்டிருந்தது.

வெளியான அன்று

ஆவணி முதல் வாரத்தில் மூன்று பக்கங்களும் ஒன்றாக வெளியாயின. பெரியமேளப் பக்கத்தில் பிரிவு "நாகசுரம்–தவில்" என்று இருந்தது. கலைஞர் கட்டத்தில் குழுவை நடத்தும் வாத்தியார் பெயர் மட்டும், மற்ற ஏழு பேர் இல்லை. இசையமைத்தவர் "பாரம்பரியம்". மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. தலைப்புக்குக் கீழே ஓடிய வரியில் "சாவு மேளம்" என்ற சொல் இருந்தது. நாகசுரப் பக்கத்துக்கு நாலரை.

இரண்டாம் நாள் வாத்தியார் கூப்பிட்டார். அவர் மகனோடு படிக்கும் பையன்கள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்கள். எடுத்தவர் கல்லூரி ஆசிரியர்.

"சார், எங்ககிட்ட நாயனமே இல்லீங்களே. நாங்க அடிக்கிறதுதான் மேளம். அதுல நாயனம்னு போட்டு, நாயனம் நல்லா இல்லைன்னு மார்க்கும் குறைச்சிருக்கீங்க."

ஆசிரியரிடம் பதில் இல்லை. "தப்பு எங்க மேலதாங்க வாத்தியாரே, பாத்துட்டு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். அந்தப் பதில் சரியானது. காரணம் தெரியும் முன் விளக்கம் சொல்லியிருந்தால் பின்னால் வந்த சமாதானம் நடந்திருக்காது.

தேடிப் பார்த்ததில் கண்டவை

பிரிவு மாறியதற்குக் காரணம் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. தஞ்சைப் பக்க வழக்கில் நாகசுரம், தவில், ஒத்து (சுருதிக்கு ஊதும் குழல்), தாளம் சேர்ந்த கோயில் இசையே பெரியமேளம். பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிராட்டத்தின் குழு சின்னமேளம். இசை நூல்களில் ஏறிய பொருளும் அதுதான். வட மாவட்டங்களில் பெரியமேளம் என்றால் பறைக் குடும்பத்து மேளங்களைக் கூட்டமாக அடிக்கும் கலை. அதில் ஊதுகருவிக்கு வேலை இல்லை. ஆசிரியர் தான் படித்த நூல்களில் இருந்து பிரிவுப் பட்டியல் தயாரித்தபோது, "பெரியமேளம்" என்று அடித்தால் "நாகசுரம்–தவில்" வரும்படி இணைத்து வைத்திருந்தார். தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூர் அகராதி. பக்கத்தை ஏற்றியவர் சரியான பெயரைத்தான் அடித்தார். பட்டியல் அதை மாற்றியது. அடித்தவர் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிப்பெண்ணில் நடந்தது இதைவிடக் கனமானது. படிவத்தில் பத்துக்குப் பிரித்த அளவுகள் இருந்தன: சுருதி சுத்தத்துக்கு 2, ராக பாவத்துக்கு 2, மிச்சம் தாளம், கற்பனை, பதிவுத் தரம். ராகமே இல்லாத ஒரு கலைக்கு முதல் நான்கில் பூஜ்ஜியம் விழுந்தது. மிச்ச ஆறில் ஐந்து கிடைத்தும் மொத்தம் ஐந்துதான், அதுவே இரண்டரை நட்சத்திரம் ஆனது. விமர்சகருக்கு எந்த இளக்காரமும் இல்லை. கட்டத்தை நேர்மையாக நிரப்பினார். நேர்மையாக நிரப்பினாலே அநியாயம் வருகிற கட்டம் அது.

கோப்பிலும் ஒரு கோளாறு இருந்தது. தரவிறக்கத்துக்கு வைத்த எம்.பி.3 கோப்பின் தலைப்பு, பழைய ஐ.டி.3 முதல் பதிப்பு முறையில் எழுதப்பட்டிருந்தது. பாட்டின் பெயர், வகை போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதும் முறை அது. அதில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே இடம். யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ப, எகரக் கொம்பு, ர, இகரக் கொக்கி என்று எண்ணிக்கொண்டு போனால் "பெரியமேளம்" என்ற சொல் சரியாகப் பத்துக் குறி, 30 பைட். அதற்குப் பின் எழுதிய குழுவின் பெயர் முழுதும் வெட்டுப்பட்டது. அந்த முறையில் இசை வகைக்கு ஒரே ஒரு பைட், எண்ணிட்ட ஆயத்தப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும். 8 என்றால் ஜாஸ், 17 என்றால் ராக். பம்பைக்கும் பெரியமேளத்துக்கும் எண் இல்லை. வேன்களில் இருந்த சில பிளேயர்களில் தலைப்பே படிக்க முடியாத லத்தீன் எழுத்துக் குவியலாக வந்தது.

முதல் மூன்று நாட்களில் எடுத்த முடிவுகள்

பக்கத்தை அழித்துவிடலாம் என்றார் தளத்தைப் பார்ப்பவர். மற்ற இருவரும் மறுத்தார்கள். இணைப்பு ஏற்கெனவே பரவியிருந்தது. அழித்தால் தவறைப் பார்த்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. முகவரி மாறாமல் பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒலியையும் மதிப்பெண்ணையும் மட்டும் எடுத்துவிட்டு, மேலே இப்படி எழுதினார்கள்:

"திருத்தம்: இந்தக் குழு வாசிப்பது வட மாவட்டங்களின் பெரியமேளம். இதை நாகசுரம்–தவில் பிரிவில் வைத்ததும், நாகசுரத்துக்கான அளவுகளால் மதிப்பிட்டதும் எங்கள் தவறு. குழுவை இழிவாகக் குறித்த சொல்லை நீக்கியிருக்கிறோம். எட்டுக் கலைஞர்களின் பெயர்களும் கீழே."

"தொழில்நுட்பக் காரணங்களால்" என்று முதல் வரைவில் இருந்தது. அதை நீக்கியது நல்ல முடிவு. பட்டியலை எழுதியது மனிதர், தொழில்நுட்பம் இல்லை.

நீக்கிய இன்னொரு சொல்லான "சாவு மேளம்" பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் குழு திருவிழாவுக்கும் விசேஷங்களுக்கும் அடிக்கிறது. துக்க வீட்டுக்குப் போவதைச் சில வருடங்களுக்கு முன் கூடிப் பேசி நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் ஊரில் அவர்கள் கேட்ட பேச்சுகள் உண்டு. வழக்கில் இருக்கிற சொல்தானே என்று ஒரு இதழ் அதை மறுபடி அவர்கள் தலையில் ஏற்றியது. பிரிவுப் பிழையைவிட இதைத்தான் பெரிய தவறு என்று கொள்கிறோம்.

நட்சத்திர மதிப்பெண் எல்லாப் பிரிவுகளிலும் நிறுத்தப்பட்டது. திரையிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு வந்தது. ஒரு பகுதிக்கு மட்டும் இருந்தால் மற்றவை மதிப்பிடத் தகாதவை என்று தோன்றும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

அழைப்பை வெளியிடுவதா

பம்பைப் பக்கத்தில் வேறு கேள்வி எழுந்தது. திருத்தம் பேசப் போனபோது பம்பைக்காரர் கேட்டார்: "அழைப்பை எதுக்குத் தம்பி போட்டீங்க? அதைக் கேட்டு யார் வீட்லயாவது அருள் வந்துட்டா, மலையேத்த நான் அங்க இருப்பேனா?"

வரவழைத்தவரே சாமியை மலையேற்ற வேண்டும், அதாவது திரும்ப அனுப்பி வைக்க வேண்டும். அது அவர் தொழிலின் பொறுப்பு. இதோடு, பதிவில் அருள் வந்த ஒரு பெண்ணின் குரலும் தெளிவாக விழுந்திருந்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அந்த நிலையில் கேட்கவும் முடியாது. அழைப்பு முழுதும் நீக்கப்பட்டது. ஒலி கெட்டுப்போன பகுதியும் அதுவே என்பதால் இழப்பு இல்லை என்று நினைக்கலாம். பதிவு நன்றாக இருந்திருந்தாலும் நீக்கியிருக்க வேண்டிய பகுதிதான்.

மறுபதிவு

உடனே செய்யவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தளர்ந்து மேளத்தின் சத்தம் இறங்கிவிடும். பொங்கல் கழிந்து, தை கடைசியில், காற்று அடங்கிய ஒரு மாலையில் களத்துமேட்டில் வைத்தார்கள். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அந்தந்தக் குழு வாங்கும் தொகையை, மைக் வைப்பதற்கு முன்பே முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். பெரியமேளக் குழுவில் ஒருவர் மட்டும் வர மறுத்தார். அவரை வற்புறுத்தவில்லை. ஏழு பேர் அடித்தார்கள்.

ரெக்கார்டரைப் பன்னிரண்டு அடி தள்ளி, ஆறடி உயரத்தில் நிறுத்தினார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் நேரடிச் சத்தம் 6 டெசிபல் குறையும். மூன்றடி ஆறாகி, ஆறு பன்னிரண்டாகும்போது 12 டெசிபல் இறங்கியது. எட்ட வைத்தால் ஒவ்வொரு மேளத்துக்கும் உள்ள சத்த வேறுபாடும் சமன்படும். மைக் செட் இல்லாத இடம் என்பதால்தான் இவ்வளவு எட்டப் போக முடிந்தது. திருவிழா இரவில் இது நடக்காது.

ஆட்களை அரைவட்டமாக நிறுத்தினார்கள். ஜால்ரா அடிப்பவரை இரண்டு எட்டு பின்னால் போகச் சொன்னார்கள். அதன் கூர்மையான ஒலி எவ்வளவு தூரத்திலும் வந்துவிடும். காற்று இல்லாவிட்டாலும் மைக்குக்கு ரோம உறை போட்டார்கள். ரெக்கார்டரில் இருக்கும் அடித்தொனி வெட்டும் பொத்தானைத் தொடவில்லை. காற்றின் உறுமலோடு பெரிய மேளத்தின் அடிநாதத்தையும் அது தின்றுவிடும், திரும்பப் பெற வழி இல்லை.

அளவு வைக்கும் முறை முற்றிலும் மாறியது. "இருக்கிறதிலேயே பலமான அடியை அரை நிமிஷம் அடிங்க" என்று கேட்டு, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வைத்து, பிறகு கை வைக்கவில்லை. வாசிப்பில் உற்சாகம் ஏறியபோது உச்சம் மைனஸ் 5 வரை வந்தது, இடிக்கவில்லை. 24 பிட் பதிவில் தாழ்வாக எடுப்பதால் தரம் போகாது. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 மெகாபைட் சொச்சம், ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். மெமரி அட்டையில் இடம் இல்லை என்று தரத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மேளங்களை வைக்கோல் தீயில் சூடு காட்டி ஏற்றினார்கள். சூடு ஆற ஆறச் சத்தம் இறங்கும். அதனால் நீளமாக ஒரே மூச்சில் எடுக்காமல், சிறு சிறு துண்டுகளாக எடுத்து, இடையில் மறுபடி காய்ச்ச நேரம் விட்டார்கள். இந்த யோசனை வாத்தியாருடையது. பம்பைக்காரர் வர்ணிப்பும் அடிவகைகளும் தந்தார். களத்துமேட்டில் அழைப்பு அடிக்க மாட்டேன் என்றார், யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே அளவுகோல் ஒலியிலும் செய்த கெடுதல்

முதல் வெளியீட்டில் மூன்று துண்டுகளையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சராசரி உரப்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டுத் தளங்களில் பரவலாகப் புழங்கும் அளவு அது. நாகசுரமும் ஒத்தும் இடைவெளி இல்லாமல் ஒலிப்பவை. அவற்றின் சராசரிக்கும் உச்சத்துக்கும் தூரம் குறைவு, அதனால் சேதம் இல்லை. பம்பை அப்படி இல்லை. ஒரு அடி, ஒரு வெற்றிடம், மறு அடி. அந்தத் துண்டில் வர்ணிப்பின் சராசரி மைனஸ் 24, உச்சம் மைனஸ் 3. சராசரியை 10 டெசிபல் தூக்கினால் உச்சம் பிளஸ் 7-க்குப் போக வேண்டும். மைனஸ் 1-இல் நிறுத்த வேண்டியிருந்ததால், உச்சத்தை எல்லைக்குள் அடக்கும் லிமிட்டர் ஒவ்வொரு அடியிலும் 8 டெசிபலைச் சீவித் தள்ளியது. அழைப்பில் மைக் செய்த கெடுதலை, நன்றாக விழுந்திருந்த வர்ணிப்பில் மென்பொருள் செய்து முடித்தது.

புதிய வெளியீட்டில் மூன்றையும் மைனஸ் 23-க்கு இறக்கினார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பின் ஆர் 128 பரிந்துரை சொல்லும் அளவு அது. லிமிட்டர் தேவைப்படவில்லை. போனில் ஒலி தாழ்வாகக் கேட்கும் என்பது உண்மையான குறை. "இயர்போன் போட்டு, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள்" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்.

கோப்பின் தரமும் உயர்ந்தது. முன்பு டேட்டா மிச்சம் என்று 64 கிலோபிட் மோனோவில் வைத்திருந்தார்கள், மூன்று நிமிடத்துக்கு 1.44 மெகாபைட். இப்போது 160 கிலோபிட் ஸ்டீரியோ, 3.6 மெகாபைட். சட்டென்று விழும் அடிக்குச் சற்று முன்பே ஒரு மங்கலான சலசலப்பு கேட்பது எம்.பி.3-இன் அறிந்த பலவீனம். கிலோபிட் குறையக் குறைய அது கூடும். சிலம்பிலும் பம்பையிலும் அது அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டு மெகாபைட் மிச்சத்துக்காகச் சிலம்பையே இழந்திருந்தார்கள்.

பெயரும் உரிமையும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38-ஆம் பிரிவில், நிகழ்த்துகலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38-பி பிரிவு, கலைஞர் என்று அடையாளம் காட்டப்படவும், தன் பெயருக்கு ஊறு வரும்படி நிகழ்ச்சியைச் சிதைப்பதை எதிர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது. எட்டுப் பெயர்களையும் போடுவது இதழ் காட்டும் பெருந்தன்மை இல்லை.

உரிமையை எழுதிக் கொடுப்பதும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்துக்கு எல்லை இல்லாததால், இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தயாரித்து, குழு முன் வாய்விட்டுப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். படித்துக் காட்டும்போதுதான் பம்பைக்காரர், வர்ணிப்பில் பாதி தன் ஆசான் கட்டியது, மிச்சம் தான் கட்டியது என்றார். "பாரம்பரியம்" என்ற கட்டம் ஒரு மனிதரின் பாட்டை அவரிடமிருந்து எடுத்திருந்தது.

பின் நடந்தவை

மாசியில் மறுவெளியீடு வந்தது. பிரிவுக் கட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தது: குழுவே சொல்லும் பெயர், கருவிகள், எந்த நிகழ்வுக்கு அடிப்பது. மூன்றையும் குழுவின் வாயால் கேட்டு எழுதுவது விதி. இசையமைத்தவர் கட்டம் கட்டாயம் இல்லை. கோப்பின் தலைப்பு, யூனிகோடு ஏற்கும் ஐ.டி.3 இரண்டாம் பதிப்புக்கு மாறியது. வெளியிடுவதற்கு முந்தின நாள் வாத்தியாரைப் போனில் கூப்பிட்டு முழுப் பக்கத்தையும் படித்துக் காட்டினார்கள். அவர் இரண்டு பெயர்களின் எழுத்தைத் திருத்தினார். ஒரு கருவியின் பெயரை மாற்றச் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய துண்டு, பழைய தலைப்போடும் பழைய பிரிவோடும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அதை எடுத்து யாரோ ஒரு கோயில் படத்தைச் சேர்த்து வீடியோவாகவும் போட்டிருக்கிறார்கள். வர மறுத்தவர் இன்றுவரை இதழோடு பேசவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

தரவிறக்கக் கோப்பு கொடுப்பதாக இருந்தால், குறைந்தது ஒரு வாரம் பக்கத்தில் மட்டும் வைத்து, குழு பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். போன கோப்பைத் திரும்ப அழைக்க முடியாது. ஊர்வலத்தின் நடுவே நிறுத்திப் பதிவு செய்வதைக் கைவிட வேண்டும். பதிவுச் செலவில் கலைஞர் தொகையை முதல் வரியாக எழுதிவிட்டு, மிச்சத்தில்தான் பயணமும் அட்டையும் பார்க்க வேண்டும். அது கட்டுப்படியாகாத மாதத்தில் களப்பதிவு வேண்டாம், திரையிசையோ ஹிப்ஹாப்போ எழுதலாம்.

தீராத கேள்வி ஒன்று ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காத்திருக்கிறது. அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. வட்டமான ஒரே தோல் கருவியைத் தமிழில் பறை அல்லது தப்பு என்பார்கள், தெலுங்கில் டப்பு, கன்னடத்தில் தமட்டெ. அடுத்த பதிவுக்குப் பேசி வைத்திருக்கும் குழுவில் பெரியவர் ஒரு பெயர் சொன்னார், அவர் பேரன் பறை என்றே போடச் சொன்னான். குழுவுக்குள் பேசி முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. காலியாக விட்டாலும் ஏற்கும்படி தளத்தை மாற்றியாயிற்று.